அப்பாவின் 110

அப்பாவின் புல்லட் 110-ல் போனதற்கு நான் கண்ணால் கண்ட சாட்சி. 1984-ஆம் வருடம், சித்தி கல்யாணம், தஞ்சாவூரில் காலை முகூர்த்தம். நான் பெட்ரோல் டேங்க் மேலே, அம்மா பின்னால் பட்டுப்புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் சீர்த்தட்டுக்கான பழப்பை. துவாக்குடி வரைக்கும் லாரிகள் வழிவிடவில்லை. அதைத் தாண்டியதும் ரோடு வெறிச்சென்று கிடந்தது. டேங்கில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பையனுக்குக் கண்ணுக்கு நேராக இருப்பது ஹெட்லைட்டுக்கு மேல் பதித்த ஸ்பீடாமீட்டர்தான். முள் 80-ஐத் தாண்டியது, 100-ஐத் தொட்டது, கொஞ்சம் நடுங்கியது, பிறகு 110-ல் போய் நின்றது. பின்னாலிருந்து அம்மா என்னவோ கத்தினார், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா குனிந்து என் காதில், "பாத்துக்கடா" என்றார். பார்த்துக்கொண்டேன்.

இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் வைத்து ஓட்டினேன். கல்லூரியில் சொன்னேன், கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னேன். அப்பா என்னைவிட அதிகம் சொல்லியிருப்பார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர்களுக்கு எதையும் அளந்து சொல்லும் பழக்கம் உண்டு என்பதால் அவர் சொன்ன 110-ஐ யாரும் கேள்வி கேட்டதில்லை. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 55 கிலோமீட்டர் சொச்சம். நாங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று வகுத்துப் பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். யாரும் வகுக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் வகுப்பார்களா?

போன வருடம் அந்த மீட்டர் என் மேசைக்கு வந்தது.

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், பழைய பேப்பர் அடுக்கிவைத்திருந்த இடத்தில், என் பட்டறை இருக்கிறது. பட்டறை என்றால் ஒரு மேசை, ஒரு டேபிள் லைட், வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் வைக்கிற லென்ஸ், பத்தர் ஒருவரிடம் வாங்கிய இரண்டு சாமணம், இடமும் வலமும் சுற்றுகிற டிரில் மெஷின், அவ்வளவுதான். பத்து வருடமாகப் பழைய பைக்குகளின் மீட்டர்களைச் சரிசெய்கிறேன். வருமானத்துக்காக இல்லை. முதன்முதலில் கையில் எடுத்தது என்னுடைய யெஸ்டி பைக்கின் மீட்டர். டயலில் அழுக்கு இருக்கிறதே என்று பெட்ரோலில் நனைத்த பஞ்சால் ஒரு தடவைதான் துடைத்தேன், அழுக்கோடு எண்களும் பஞ்சுக்கு வந்துவிட்டன. தொழிற்சாலையில் அச்சடித்து அனுப்பியதை நான் ஐந்து விநாடியில் அழித்தேன். இன்றைக்கும் எந்த டயலைத் தொட்டாலும் முதலில் ஓரத்தில், கண்ணாடி வளையத்துக்கு அடியில் மறைகிற இடத்தில், ஈரப்பஞ்சை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

அப்பாவின் வண்டி 1976 மாடல் 350. முழங்கால் போன பிறகு அவர் ஓட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்டார்ட் செய்து ஒரு சுற்று போய்வருவேன், அவர் வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டு ஏதாவது குறை சொல்வார். மீட்டரில் முள் 20-க்கும் 60-க்கும் நடுவில் பேய் பிடித்த மாதிரி ஆடத் தொடங்கியது, கூடவே கிறீச் என்று ஒரு சத்தம். காரணம் நானேதான். சில வருடங்களுக்கு முன்னால் முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளைப் புதிதாகப் போட்டபோது உள்ளே சுற்றுகிற கம்பிக்கு மேலிருந்து கீழ்வரை தாராளமாக கிரீஸ் தடவியிருந்தேன். மேல் முனையில் நாலு விரல் அளவுக்கு கிரீஸ் தொடவே கூடாது என்பது அப்போது தெரியாது. சுற்றுகிற கேபிள் திருகாணி மாதிரி கிரீஸை மெல்ல மெல்ல மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அங்கே போய்க் காய்ந்து கோந்தாகிவிடும்.

உள்ளே இரண்டு பேர்

மீட்டரின் கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தை விளிம்பில் மடித்து அமுக்கியிருப்பார்கள். திறக்க வேண்டுமென்றால் அந்த மடிப்பை மழுங்கின கருவியால் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி வந்து நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டால் தகடு அலை அலையாக நெளிந்துவிடும், பிறகு எந்த வண்டியில் பார்த்தாலும் திறந்த மீட்டர் என்று தூரத்திலிருந்தே தெரியும். அப்பாவின் மீட்டரில் அந்த அலை ஏற்கெனவே இருந்தது. எனக்கு முன்னால் யாரோ திறந்திருக்கிறார்கள், அதுவும் ஸ்க்ரூடிரைவரால். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வகை மீட்டருக்குள் ஒரே கேபிளை நம்பி இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் ஓடிய தூரத்தை எண்ணும் ஓடோமீட்டர். கேபிள் சுற்றும் தண்டிலிருந்தே பல்சக்கரங்கள் கிளம்பி எண் உருளைகளைத் தள்ளுகின்றன. பல்லோடு பல், நடுவில் சந்து பொந்து கிடையாது. கேபிள் இத்தனை சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர்தான். இன்னொருவர் வேகம் காட்டும் முள். இவர் கதை வேறு. கேபிளின் முனை ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தின் மேல் ஒரு அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை, நடுவில் வெறும் காற்று. காந்தம் சுற்றும்போது அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மயிரிழை மாதிரி ஒரு சுருள்வில் அதைப் பிடித்து இழுக்கும். காந்தத்தின் இழுப்பும் வில்லின் இழுப்பும் எங்கே சமமாகிறதோ அங்கே முள் நிற்கும். 1902-ல் ஓட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கிய உத்தி இது. (பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வந்த ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் மீட்டர் வேறு ஜாதி. அது கடிகாரம் மாதிரி நேரத்தைத் துண்டு போட்டு, அதற்குள் எத்தனை சுற்று என்று எண்ணும், முள் தாவித் தாவி நகரும். அதைத் திறக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.)

ஆக, வேகமுள்ளுக்கும் சக்கரத்துக்கும் நேரடி உறவே கிடையாது. காந்தத்தின் சக்தி குறைந்தால் முள் குறைவாகக் காட்டும், வில் தளர்ந்தால் அதிகமாகக் காட்டும். பக்கத்தில் இருக்கும் ஓடோமீட்டருக்கு அது தெரியவே தெரியாது, அது தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போகும். ஐந்து உருளைகள், 99,999 வரைக்கும். அப்பாவின் பெட்ரோல் நோட்டுப்படி 1997-ல் அது ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. இப்போது 41,600 சொச்சம் காட்டுகிறது என்றால் வண்டி ஓடியது 1,41,600 சொச்சம்.

சுத்தம் செய்து, தண்டுக்கு வாட்ச் எண்ணெய் அரைத்துளி விட்டு, டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றினேன். முள் ஆடாமல் மேலே ஏறியது. அதோடு மூடியிருக்கலாம். ஆனால் யாருடைய மீட்டர் வந்தாலும் மூடுவதற்கு முன் ஒரு பரிசோதனை உண்டு. முன்சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஆளை உட்காரவைத்து வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளித் தரையில் அளப்பேன். இந்த வண்டிக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வந்தது. பிறகு சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் கேபிள் எத்தனை சுற்று என்று எண்ணுவேன். இரண்டையும் வைத்து, எந்த வேகத்துக்குக் கேபிள் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்று கணக்குப் போட்டு, டிரில்லை அந்தச் சுற்றில் ஓடவிட்டு முள்ளைப் பார்ப்பேன்.

40-க்கு முள் 49 காட்டியது. 60-க்கு 73. 80-க்கு 98.

முதலில் என் கணக்கைத்தான் சந்தேகப்பட்டேன். மறுபடி அளந்தேன், அதேதான். முள்ளை இடம் மாற்றிக் குத்தியிருந்தால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு தப்பாகக் காட்டும். இங்கே வேகம் ஏற ஏறத் தப்பும் ஏறுகிறது, நூற்றுக்கு 22 வீதம். சக்கரத்தில் கேபிளைச் சுற்றிவிடும் டிரைவ் மாறிப்போய் வேறு வண்டியுடையது மாட்டியிருக்குமோ என்றால், அப்போது ஓடோமீட்டரும் அதே 22 அதிகம் காட்டவேண்டும். நெடுஞ்சாலையில் மைல்கல் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டியபோது ஓடோமீட்டர் காட்டியது 10-தான். கேபிளில் தப்பில்லை, டிரைவில் தப்பில்லை. ஒருவர் ஒழுங்காகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது அதே அறையில் இன்னொருவர் கதை அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

கால்குலேட்டரை எடுத்து 110-ஐ 1.22-ஆல் வகுத்தேன். 90.

ஒரு மெல்லிய வளையம்

ஏன் 22 என்பது புரியாமல் ஒரு வாரம் போனது. வில் தளர்ந்தால் இவ்வளவு ஏறுமா என்று தெரியவில்லை. சென்னைக்கு வேறு வேலையாகப் போனபோது பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் நுழைந்து, அதே மாதிரியில் டயல் உடைந்த ஒரு மீட்டரை 350 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அதன் மடிப்பு திறக்கப்படாத மடிப்பு. இரண்டையும் வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் பிரித்துவைத்து ஒவ்வொரு உறுப்பாகப் பொருத்திப் பார்த்தேன். புதுப்பேட்டை மீட்டரின் காந்தத்தோடு ஒட்டி, நகக்கனத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. அப்பாவுடையதில் இல்லை.

பார்த்தால் சாதாரண வாஷர். கீழே விழுந்தால் பெருக்கிக் குப்பையில் போட்டுவிடத் தோன்றும். ஆனால் அது நிக்கலும் இரும்பும் கலந்த ஒரு தனிக் கலவை. வெயிலில் அலுமினியக் கிண்ணம் சூடானால் அதன் மின்தடை கூடும், சுழல் மின்னோட்டம் குறையும், முள் குறைவாகக் காட்டும். அதை ஈடுகட்டத்தான் இந்த வளையம். காந்தப்புலத்தில் ஒரு பங்கை இது தன் வழியாகத் திருப்பி விழுங்கிக்கொள்கிறது, சூடு ஏற ஏற விழுங்குவதைக் குறைத்துக்கொள்கிறது. அக்னி நட்சத்திரத்தில் திருச்சி ரோட்டில் நிற்கிற வண்டிக்கும் மார்கழி விடியலில் கிளம்புகிற வண்டிக்கும் முள் ஏறத்தாழ ஒரே மாதிரி காட்டுவது இதனால்தான். இதை எடுத்துவிட்டால் விழுங்க ஆளில்லாமல் காந்தப்புலம் முழுசாகக் கிண்ணத்துக்குப் போய்விடும். முள்ளுக்கு உற்சாகம் பிறந்துவிடும்.

அன்றைக்கு இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் பட்டும் படாமலும் கேட்டேன், அப்பா மீட்டர் எப்போதாவது ரிப்பேர் ஆனதா என்று. "உங்க சித்தி கல்யாணத்துக்கு முந்தின வருஷம் நின்னு போச்சே. யார்கிட்டயோ கொடுத்து பண்ணிட்டு வந்தாரு" என்றார். குழம்பை ஊற்றிக்கொண்டே, "அது பண்ணினதுக்கு அப்புறம்தான் வண்டி நல்லா இழுக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்று சேர்த்துக்கொண்டார். அம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு தொண்டையில் நின்றது.

ரிப்பேர் செய்தவரையும் குறை சொல்ல முடியாது. எங்கேயோ ஒரு மேசையில், மங்கலான பல்பு வெளிச்சத்தில், ஒரு வாஷர் உருண்டிருக்கும். மறுபடி பூட்டிக் கேபிளைச் சுற்றியதும் முள் ஜோராக எழுந்திருக்கும். வந்த வேலை முடிந்தது.

சாமணத்தின் நுனியில்

புதுப்பேட்டை மீட்டரிலிருந்து அந்த வளையத்தைக் கழற்றி அப்பாவுடையதில் போடுவது இரண்டு நிமிட வேலை. மூன்று நாள் போடவில்லை.

வேறொருவர் மீட்டராக இருந்தால் யோசித்தே இருக்கமாட்டேன். வண்டியை விற்கப்போகிற சிலர் வந்து, "ரீடிங்கைக் கொஞ்சம் சுத்திக் கொடுத்துடுங்க சார்" என்பார்கள். 80,000-ஐ 20,000 ஆக்க வேண்டும். உருளைகளைத் திருப்புவது பெரிய வித்தை இல்லை, ஆனால் முடியாது என்று அனுப்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இப்போது என் வீட்டு மீட்டரே 22 வீதம் கதை விடுகிறது, அதைத் தெரிந்தே மூடினால் நான் என்ன ஆள்? அப்படியும் சொல்ல முடியாது. நான் எதையும் மாற்றவில்லையே, வந்தது வந்தபடி இருக்கிறது. நாற்பது வருடமாக இந்த வண்டியின் மீட்டர் இதுதான். வளையத்தோடு இருந்தது முதல் ஏழெட்டு வருடம் மட்டும். எதை மீட்டெடுக்கிறேன், திருவொற்றியூர் புல்லட் தொழிற்சாலையில் பூட்டிய மீட்டரையா, அப்பா பார்த்து ஓட்டிய மீட்டரையா? பழைய பொருள்களில் கைவைக்கிறவர்கள் பெயின்ட்டுக்கும் துருவுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். முள்ளுக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆபத்து என்றும் காரணம் காட்ட முடியவில்லை. அதிகமாகக் காட்டுகிற மீட்டரால் யாரும் விழுந்ததில்லை. ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதியே மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக்கூடாது, கூடுதலாகக் காட்டினால் பத்தில் ஒரு பங்கும் மேற்கொண்டு 4 கிலோமீட்டரும் வரை போகலாம் என்கிறது. உண்மையில் 90-ல் போனால் 103 வரை காட்டலாம். இந்தக் காலத்து வண்டிகள் எல்லாமே சட்டப்படி கொஞ்சம் பெருமை பேசுகிறவைதான். அப்பாவின் மீட்டர் அதில் 7 கிலோமீட்டர் கூடப் பேசியது, அவ்வளவுதான் என்றும் சொல்லிக்கொண்டேன்.

உண்மையில் உறுத்தியது அப்பாவின் பொய்யோ மீட்டரின் பொய்யோ இல்லை. அப்பா பொய் சொல்லவே இல்லை, முள் காட்டியதைச் சொன்னார். நான்தான் அந்தக் காற்றையும் அம்மாவின் கூச்சலையும் டேங்கின் அதிர்வையும் 110 என்று மனதில் எழுதிவைத்திருக்கிறேன். 90-க்கு அதையெல்லாம் எப்படி மாற்றி எழுதுவது? ஞாயிற்றுக்கிழமைகளில் நானே இதே வண்டியில் 90-ல் போயிருக்கிறேன். அதாவது முள் 90 காட்டும்போது. அப்போது உண்மையில் போனது 74.

மூன்றாம் நாள் சாயங்காலம் வளையத்தைச் சாமணத்தில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா கைத்தடியோடு படிக்கு அடியில் வந்து நின்றார். "என்னடா, இன்னுமா முடியல?" "முடிஞ்சிடும்ப்பா." "அது என்ன?" "வாஷர்." "வாஷரா, போடு போடு" என்றுவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டார்.

போட்டேன். அவர் சொன்னதற்காகப் போட்டேன் என்றால் அழகாக இருக்கும், ஆனால் அவருக்கு அது என்னவென்றே தெரியாது. நியாயம் பார்த்துப் போட்டேன் என்றும் சொல்லமாட்டேன். ஓர் இடம் காலியாக இருக்கிறது, அதில் உட்காரவேண்டிய பொருள் கையில் இருக்கிறது, அதைப் போடாமல் மூட என் கைக்குத் தெரியவில்லை. மறுபடி டிரில்லில் சுற்றினேன். 40-க்கு 42, 60-க்கு 64, 80-க்கு 85. மிச்சமிருந்த 6 வீதத்தைத் தொடவில்லை, அது பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம். கண்ணாடி வளையத்தின் மடிப்பை மரக்கட்டையால் தட்டி, பழைய அலையைக் கூடியவரை நீவி மூடினேன். டயலைத் துடைக்கக்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பா தானும் வருவேன் என்றார். டாக்டர் கூடாது என்றிருக்கிறார், அம்மா வாசலில் நின்று திட்டினார், இருந்தாலும் ஏறிவிட்டார். தஞ்சாவூர் ரோடு இப்போது நான்கு வழி. துவாக்குடி தாண்டியதும் முறுக்கினேன். அப்பா என் தோளுக்கு மேலாக எட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தார் என்பது முகத்தின் ஓரத்தில் பட்ட மூச்சிலேயே தெரிந்தது. முள் 75-க்கு வந்தது. 80-க்கு வந்து நின்றது, ஆடாமல். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

செங்கிப்பட்டியில் டீக்கடையில் நிறுத்தினேன். டம்ளரைக் கையில் வாங்கியதும் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது?"

"நல்லாத்தானேப்பா வந்துச்சு."

"எங்க நல்லா வந்துச்சு? இந்த ரோட்டுல அம்மாவையும் உன்னையும் வச்சுக்கிட்டு 110 போயிருக்கேன். காலி ரோட்டுல 80-ஐத் தாண்டல." ஒரு வாய் குடித்தார். "கார்புரேட்டரைக் கழட்டிப் பாரு. ஸ்லைடு தேஞ்சிருக்கும்."

"சரிப்பா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றினேன். ஸ்லைடு உண்மையிலேயே கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது.